ஜிகினாவைச் சிந்தாமல் ஒட்டத் தெரியுமா? பொற்கொல்லர் பட்டறையில் இருக்கிறது பாடம்!

பொங்கல் வாழ்த்து அட்டையைக் கையில் எடுத்ததும் விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அந்த மினுமினுப்பை, 40 வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கரும்பு, பானை, மாட்டுக் கொம்பு என்று படத்தின் ஓரமெல்லாம் பசை தடவி, மேலே ஜிகினாத் தூள் தூவியிருப்பார்கள். வாழ்த்து அட்டை அனுப்பும் பழக்கம் குறைந்துவிட்டது. ஜிகினா மட்டும் வீட்டைவிட்டுப் போகவே இல்லை. பள்ளி புராஜெக்ட், பிறந்தநாள் தோரணம், கொலு அலங்காரம், கிறிஸ்துமஸ் நட்சத்திரம், மொய்க் கவர், ரிட்டர்ன் கிஃப்ட் பை என்று காகிதத்தில் எதைச் செய்தாலும் கடைசி வேலை ஜிகினா தூவுவதுதான்.

அந்தக் கடைசி வேலையில்தான் பலருக்குச் சிக்கலே. பூவில் பாதி, தரையில் பாதி. காய்ந்த பிறகு தொட்டால் உதிரும். ஒரு வாரம் கழித்து தோசைத் தட்டில் ஒரு துகள் மின்னும். உதிர்ந்த மீதியெல்லாம் எங்கே போகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. சரியாக ஒட்டவும், உதிர்ந்ததைச் சரியாகக் கையாளவும் கொஞ்சம் பழகிக்கொண்டால் போதும். அழகும் கெடாது, ஊரும் கெடாது.

பெயரிலேயே பொன் வேலை

புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி என்றதும் உள்ளூர்க்காரர்களுக்குத் தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். அரசின் தொழில், வணிகத் துறை இயக்குநரகம் இயங்குவதும் இந்தத் தொழிற்பேட்டையில்தான். ஆனால், பெயரைப் பிரித்துப் படித்தால் கிடைப்பது தட்டானும் சாவடியும். தட்டான் என்றால் பொற்கொல்லர்.

பொற்கொல்லர் பட்டறைக்கென்று ஒரு பழைய கட்டுப்பாடு உண்டு. நகையை அராவும்போது உதிரும் துகள் ஒன்றுகூட வீணாகக் கூடாது. துகள் விழும் இடத்தில் ஒரு தட்டோ துணியோ இருக்கும். பெருக்கிய தூசியைக்கூடக் குப்பையில் கொட்ட மாட்டார்கள். அந்தத் தூசியை விலைக்கு வாங்கி, கழுவி, பொன்னைப் பிரித்தெடுப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

பொன் விலை உயர்ந்தது. அதனால் வந்த பழக்கம் இது. ஜிகினா மலிவு. அதனால் மிஞ்சியதை வாயால் ஊதித் தள்ளுவது வழக்கமாகிவிட்டது. விலையை மறந்துவிட்டு, ஜிகினாவையும் பொன் துகள்போலவே நடத்திப் பாருங்கள். ஒட்டும் வேலையில் இருக்கும் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

துணியில் பிறக்கும் காகிதம்

கையால் செய்யும் காகிதத்துக்குப் புதுச்சேரி பெயர்பெற்ற ஊர். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதத் தொழிற்கூடம் 1959ல் தொடங்கப்பட்டது. இந்த வகைக் காகிதத்துக்கு மரம் வெட்ட வேண்டியதில்லை. தையலில் மிஞ்சும் பருத்தித் துணி வெட்டுகளே மூலப்பொருள். அவற்றைத் தரம் பிரித்து, பொடியாக நறுக்கி, தண்ணீரோடு அரைத்துக் கூழாக்குகிறார்கள். வலைச் சட்டத்தைக் கூழில் முக்கி எடுத்தால் ஒரு தாள் உருவாகும். அதைத் துணி விரிப்பில் கவிழ்த்து, தண்ணீரைப் பிழிந்து, உலர்த்தி, அழுத்தி வழவழப்பாக்கினால் காகிதம் தயார். பூவிதழ் பதித்த தாள், நீரில் மிதக்கும் வண்ணத்தில் தோய்த்தெடுத்த தாள் என்று இதில் பல வகை உண்டு.

புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டு கொம்யூனில் இருக்கும் திருக்கனூர், காகிதக் கூழில் செய்யும் கைவினைப் பொருட்களுக்குப் பெயர்போனது. இந்தக் கைவினைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இரண்டிலும் ஒரு பொது விஷயம் இருக்கிறது. வேண்டாம் என்று ஒதுக்கியதுதான் இங்கே பொருளாகிறது. துணி வெட்டு காகிதமாகிறது. பழைய காகிதம் ஊறிக் கூழாகிறது. கூழ் மறுபடி உருவம் பெறுகிறது. இந்தச் சுழற்சிக்குள் பிளாஸ்டிக் ஜிகினா மட்டும் சேர்வதில்லை. ஜிகினா தூவிய தாளை ஊறவைத்தால் காகிதம் கரையும், ஜிகினா அப்படியே மிதக்கும். அதனால்தான் ஜிகினா ஒட்டிய அட்டைகளை மறுசுழற்சிக்கு எடுக்கும் இடங்களில் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு சிட்டிகை தூள்தான்... ஆனால், அந்தக் காகிதம் மறுபிறவி எடுக்குமா, குப்பைமேட்டுக்குப் போகுமா என்று தீர்மானிப்பது அதுதான்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

கடையில் கிடைக்கும் ஜிகினாத் தூளில் பெரும்பாலானவை பாலியஸ்டர் பிளாஸ்டிக் படலத்தில் செய்தவை. தண்ணீர் பாட்டில் செய்யும் அதே குடும்பத்து பிளாஸ்டிக்தான். அந்தப் படலத்தின்மேல் மிக மெல்லிய அலுமினியப் பூச்சு கொடுத்து, வண்ணம் ஏற்றி, பொடிப்பொடியாக வெட்டுகிறார்கள். பூதக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு துகளும் அறுகோணமாக இருக்கும். தேன்கூட்டுக்குச் சொல்லும் காரணமேதான் இதற்கும். அறுகோணங்களாக வெட்டினால் நடுவில் இடைவெளி விழாது, படலம் வீணாகாது.

துகளின் அளவைப் பொறுத்து வேலை மாறும். 0.2 மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய தூள், வண்ணம் பூசியதுபோல ஒரே சீராகப் படியும். 0.4 மில்லிமீட்டர் நடுத்தரம். 1 மில்லிமீட்டர் அளவுள்ள பருந்தூள், புள்ளி புள்ளியாகப் பளிச்சிடும்.

இன்றைய ஜிகினாவின் தொடக்கம் அமெரிக்காவின் நியூஜெர்சி என்று சொல்லப்படுகிறது. அங்கே ஹென்றி ருஷ்மன் என்பவர் 1934ல் கழிவுகளைப் பொடியாக வெட்டும் இயந்திரத்தோடு இந்தத் தொழிலைத் தொடங்கினாராம். அதற்கு முன்பு ஜிகினா இல்லையா என்றால், இருந்தது. கண்ணாடித் தூளும் அப்பிரகமும்தான் அந்தக் கால மினுமினுப்பு. அப்பிரகத்துக்குத் தமிழில் இன்னொரு அழகான பெயர் உண்டு... காக்காப்பொன்!

சிந்தாமல் ஒட்டும் வழி

காகிதப் பூ, பட்டாம்பூச்சி, நட்சத்திரம், பெயர் அட்டை, ஓரப் பட்டை என எந்த அலங்காரத் துண்டாக இருந்தாலும் முறை ஒன்றுதான்.

1. முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். ஜன்னலோரக் காற்றும் வேண்டாம்.

2. ஓரம் உயர்ந்த தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிஸ்கட் டப்பாவின் மூடி போதும். அதற்குள் மாதக் காலண்டர் தாளின் வழவழப்பான பக்கத்தை மேலே வைத்து விரியுங்கள். செய்தித்தாள் வேண்டாம். அதன் சொரசொரப்பில் தூள் சிக்கிக்கொள்ளும், திரும்ப எடுக்க முடியாது.

3. ஏ.சி. அறையில் காற்று வறண்டிருக்கும்போது, பசை இல்லாத இடத்திலும் ஜிகினா ஒட்டிக்கொண்டு வராது. நிலைமின்சாரம்தான் காரணம். பசை தடவும் முன்பு காகிதத்தின்மேல் முகப் பவுடரைப் பஞ்சால் லேசாக ஒற்றி, துடைத்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

4. பசையை மெல்லிய பிரஷ்ஷால் ஒரே சீராகத் தடவுங்கள். காய்ந்ததும் நிறமில்லாமல் போகும் வெள்ளைப் பசை நல்லது. கைவினைக் காகிதம் பசையை உறிஞ்சிவிடும். தடவிய ஒரு நிமிடத்தில் மேலே ஈரமே இருக்காது. எனவே முதல் பூச்சைக் காயவிட்டு, இரண்டாவது பூச்சின்மேல் தூவ வேண்டும். கைவினைக் காகிதத்தில் ஜிகினா உதிர்வதாகச் சொல்பவர்களில் பலர் செய்யாமல் விடுவது இந்த ஒன்றைத்தான்.

5. சிறு துளைகள் உள்ள மூடிபோட்ட டப்பாவிலிருந்து, நான்கு விரற்கடை உயரத்தில் தூவுங்கள். உயரம் கூடினால் தூள் பரவும். காலியான மிளகுத்தூள் டப்பா இதற்கு வசதி. ஆனால், ஒருமுறை ஜிகினாவுக்குப் போன டப்பா மறுபடி அடுப்படிக்கு வரக் கூடாது.

6. தூவிய உடனே தட்டிவிடாதீர்கள். மேலே ஒரு பட்டர் பேப்பரை வைத்து விரலால் மெதுவாக அழுத்துங்கள். துகள்கள் பசைக்குள் பதியும். இரண்டு நிமிடம் கழித்து, துண்டைச் செங்குத்தாகப் பிடித்து, பின்பக்கம் இரண்டு தட்டு. அவ்வளவுதான்.

7. தாளில் விழுந்ததை நடுவில் மடித்து, வாய்க்கால்போல ஆக்கி, டப்பாவுக்கே திருப்பி ஊற்றுங்கள். இரண்டு வண்ணம் கலந்துவிட்டால் கவலை வேண்டாம். கலவைக்கென்று தனியாக ஒரு டப்பா வையுங்கள். அந்தப் பலவண்ணத் தூளுக்கும் ஒரு பூ கிடைக்கும்.

8. ஒரு நாள் முழுக்கக் காயட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் புதுச்சேரிபோன்ற கடற்கரை ஊர்களில் இன்னும் அதிக நேரம் பிடிக்கலாம். காய்ந்த பிறகு, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் ஒருமுறை தட்டு மேலேயே துடைத்து, ஒட்டாத துகள்களை எடுத்துவிடுங்கள்.

9. அதிகம் கைபடும் பொருள் என்றால், பசையில் சம அளவு தண்ணீர் கலந்து மேலே ஒரு மெல்லிய பூச்சு. மினுக்கம் சற்றுக் குறையும், ஆனால் உதிராது. மலிவான ஜிகினா சிலவற்றில் சாயம் கசியும் என்பதால், முதலில் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

கைப்பக்குவங்கள்

ஒரே பூவில் இரண்டு அளவுத் தூள் வேண்டுமா? பருந்தூளை முதலில் தூவுங்கள். மெல்லிய தூள் பிறகு வந்து இடுக்குகளை நிரப்பும். மாற்றிச் செய்தால் பருந்தூளுக்கு ஒட்ட இடமே இருக்காது.

இரண்டு வண்ணம் என்றால் ஒன்று முழுதாகக் காய்ந்த பிறகுதான் அடுத்ததற்குப் பசை தடவ வேண்டும்.

மெல்லிய கலர் பேப்பரில் நீர்ப்பசை பட்டால் சுருங்கிவிடும். அங்கே இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் கைகொடுக்கும். டேப்பைத் தேவையான வடிவில் வெட்டி ஒட்டி, மேல் தாளை உரித்துத் தூவினால், கோடு கத்திபோல நேராக வரும். காயக் காத்திருக்கவும் வேண்டாம்.

குவில்லிங் சுருள்களின் மேல்முனை நூலளவுதான் இருக்கும். அதற்கு பிரஷ் வேண்டாம். ஒரு மூடியில் பசையை மெல்லிதாகப் பரப்பி, சுருளை அதில் ஒற்றி எடுத்து, பிறகு ஜிகினாவில் ஒற்றினால் ஓரம் மட்டும் மின்னும்.

பூ முழுக்கத் தூவுவதைவிட இதழ் நுனியிலும் நடுவிலும் மட்டும் தூவினால் பூ எடுப்பாகத் தெரியும். எல்லா இடமும் மின்னினால் கண்ணுக்கு எதுவுமே மின்னாது.

குழந்தைகள் இருக்கும் வீட்டில்

ஜிகினாவைக் கையிலெடுத்த குழந்தை அடுத்து கண்ணைத்தான் கசக்கும். கண்ணில் பட்டால் கசக்கவே கூடாது. துகளின் முனை விழியைக் கீறிவிடலாம். சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, உறுத்தல் நிற்கவில்லை என்றால் கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளிடம் ஜிகினாத் தூளைக் கொடுக்கவே வேண்டாம். கண்ணாடித் தூள் வகையைப் பெரியவர்கள் மட்டும் பயன்படுத்தலாம்.

டப்பாவின்மேல் 'நச்சற்றது' என்று எழுதியிருக்கலாம். அதைச் சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை. கேக்குக்கோ இனிப்புக்கோ கைவினை ஜிகினாவைத் தூவக் கூடாது. பாலியஸ்டர் சூட்டில் உருகும் என்பதால், தீபம் ஏற்றும் இடத்துக்கு அருகிலும் வேண்டாம்.

கையில் ஒட்டியதை எடுக்க ஒரு சுலப வழி உண்டு. பஞ்சில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு முதலில் துடைத்து, பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம்.

உதிர்ந்தது எங்கே போகிறது?

துடைப்பத்தால் பெருக்கினால் ஜிகினா பறக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சாக்கடைக்குப் போகும். புதுச்சேரியில் நகரின் நடுவே ஓடும் பெரிய வாய்க்கால் போய்ச் சேர்வது கடலில். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் துகளை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். ஜிகினா பிறக்கும்போதே நுண்பிளாஸ்டிக். கடலில் கலந்த பிறகு அதை அள்ளி எடுக்க வலை கிடையாது.

அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் 17 முதல், அலங்காரத்துக்கும் கைவினைக்கும் உதிரியாக விற்கும் பிளாஸ்டிக் ஜிகினாவுக்குத் தடை விதித்தது. மக்கும் வகைக்கும், அப்பிரகம் போன்ற கனிம வகைக்கும் இந்தத் தடை இல்லை. இந்தியாவில் 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் சிலவற்றுக்குத் தடை இருக்கிறது. அலங்காரத்துக்குப் பயன்படும் தெர்மோகோலும், அழைப்பிதழ்மேல் சுற்றும் பிளாஸ்டிக் தாளும் அந்தப் பட்டியலில் உண்டு. ஜிகினா அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆகவே, இங்கே பொறுப்பு அவரவர் கையில்தான்.

தரையில் சிந்தியதை எடுக்க செல்லோ டேப்பைத் திருப்பி விரலில் சுற்றி ஒற்றி எடுக்கலாம். பிசைந்த மைதா மாவு உருண்டையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். டேப்பையும் மாவையும் ஒரு கவரில் கட்டி, காய்ந்த குப்பையோடு சேர்த்துவிடுங்கள். மாவு வீணாகிறதே என்று கோழிக்கோ மாட்டுக்கோ போட்டுவிடாதீர்கள்!

பிளாஸ்டிக் இல்லாத மினுமினுப்பு

மாற்று இல்லாமல் இல்லை. ஆனால், ஒவ்வொன்றிலும் கவனிக்க ஏதோ ஒன்று இருக்கிறது.

காக்காப்பொன் தூள் இப்போது 'மைக்கா பவுடர்' என்ற பெயரில் கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. இது ஜிகினாபோல் புள்ளியாகப் பளிச்சிடாது. முத்துபோல மங்கலாக மினுங்கும். கைவினைக் காகிதத்தின் நிறத்துக்கு அது இன்னும் பொருத்தம். பசை பாதி காய்ந்து பிசுபிசுப்பாக இருக்கும்போது, மென்மையான பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு ஏற்ற வேண்டும். மிக நுண்ணிய தூள் என்பதால் முகக்கவசம் அவசியம். நாட்டு மருந்துக் கடையில் அப்பிரகம் வாங்கி வீட்டில் இடிக்கும் யோசனை வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

காக்காப்பொன்னும் கறை இல்லாத பொன் அல்ல. ஜார்க்கண்ட், பீகார் சுரங்கப் பகுதிகளில் அப்பிரகம் பொறுக்கும் வேலையில் குழந்தைகள் ஈடுபடுத்தப்படுவது பலமுறை வெளியே வந்திருக்கிறது. ஆலையில் தயாரிக்கும் செயற்கை அப்பிரகத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. வாங்கும்போது எந்த வகை என்று கேட்டு வாங்கலாம்.

'மக்கும் ஜிகினா' என்ற பெயரிலும் விற்கிறார்கள். பெயரை மட்டும் நம்பி வாய்க்காலில் விடக் கூடாது. இங்கிலாந்தில் 2020ல் வெளியான ஓர் ஆய்வில், மக்கும் வகை ஜிகினாவும் நீரில் மிதக்கும் செடியின் வேர் வளர்ச்சியைக் குறைத்தது தெரியவந்தது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சில்வியா விக்னோலினியின் குழு 2021ல் காட்டிய வழி சுவாரஸ்யமானது. தாவரங்களில் இருக்கும் செல்லுலோஸை மட்டும் வைத்து அவர்கள் ஜிகினா செய்தார்கள். அதில் சாயம் இல்லை. மயிலிறகில் நிறம் தெரிவதுபோல, நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால்தான் நிறம் வருகிறது. பருத்தியும் செல்லுலோஸ், காகிதமும் செல்லுலோஸ். ஜிகினாவும் செல்லுலோஸ் ஆகிவிட்டால், பூவும் மினுமினுப்பும் சேர்ந்தே கூழாகலாம்.

அதுவரை சாக்லேட் சுற்றிவரும் அலுமினியத் தாளைச் சேர்த்துவைத்து, நட்சத்திரமாகவும் இலையாகவும் வெட்டி ஒட்டலாம். துண்டு பெரிது என்பதால் சிந்தாது, வேண்டும்போது உரித்தெடுக்கவும் முடியும். சர்க்கரையையும் உப்பையும் ஒட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. சர்க்கரைக்கு எறும்பு வரும், உப்பு கடற்காற்றில் கசியும்.

விற்க நினைப்பவர்களுக்கு

காகிதப் பூ, பெயர் அட்டை, கவர் என்று வீட்டில் செய்து விற்பவர்கள், உதயம் இணையதளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் புதிதாகத் தொழில் தொடங்க மானியத்தோடு கடன் கிடைக்கும். உற்பத்தித் தொழில் என்றால் திட்ட மதிப்பு 50 லட்சம் ரூபாய் வரை இருக்கலாம். பெண்களுக்கு நகர்ப்புறத்தில் 25 சதவிகிதம், கிராமப்புறத்தில் 35 சதவிகிதம் மானியம். புதுச்சேரிக்காரர்கள் இதுபற்றி தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் உள்ள தொழில், வணிகத் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

விற்கும் பொருளில் எந்த வகை மினுமினுப்பு என்பதைச் சின்னதாக எழுதி வையுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், அந்த நாட்டு விதியை முதலில் பார்த்துவிடுங்கள்.

வாங்குபவருக்கும் செய்பவருக்கும் ஒரே விதி போதும். வருடக்கணக்கில் எடுத்துவைக்கும் பொருளுக்கு ஜிகினா போடலாம். பெட்டியில் பத்திரப்படுத்தும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம், அடுத்த கொலுவுக்கும் வரப்போகும் பூச்சரம், அலமாரியில் வைக்கும் பொம்மை எல்லாம் இதில் சேரும். மறுநாள் குப்பைக்குப் போகும் மொய்க் கவருக்கும் பிறந்தநாள் தோரணத்துக்கும் வண்ணக் காகிதமே போதும். அவை கிழிந்தாலும் ஊறிக் கூழாகி, இன்னொரு தாளாகத் திரும்பி வரட்டும்!